காரணம் சொன்ன தீர்ப்பு

கதவு மணி அடித்ததும் தோவெ வின்டிங் பன்னுத் தட்டோடு ஓடினாள். ஈஸ்டர் நோன்புக்கு முந்தின திங்கட்கிழமை அது. முகமூடி போட்ட பிள்ளைகள் காலையிலிருந்து கோபன்ஹேகன் முழுக்க வீடு வீடாகப் போய்ப் பாட்டுப் பாடி, பன்னு தராதவர் வாசலில் ரகளை செய்துகொண்டிருந்தார்கள். இரண்டு கடற்கொள்ளைக்காரர்களும் ஒரு பூனையும் ஏற்கெனவே வந்து போயாகிவிட்டது. இந்தத் தடவை நின்றது முகமூடி போடாத ஓர் ஐம்பது வயதுப் பெண்மணி. ஓடி வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது. கையில் ஒரு கடிதமும் ஒரு பெரிய சாவிக்கொத்தும் இருந்தன.

"பால்ஸ்லெவ் ஐயா இருக்காரா? இன்னிக்கு ரெண்டு மணிக்குள்ள அவர் எனக்கு உதவணும். ரெண்டு மணிக்கு மேல பிரயோசனமில்ல."

தோவெ பன்னுத் தட்டை அப்படியே குடை ஸ்டாண்டின் மேல் வைத்துவிட்டாள். வழக்கு என்று ஒன்று வாசலில் வந்து நின்றால் போதும், அவளுக்குக் கால் தரையில் பாவாது. நகர நீதிமன்றத்தில் பதினைந்து வருடம் சுருக்கெழுத்து எழுதிச் சலித்துப்போய், ஆறு வருடமாகத்தான் தனியார் துப்பறிவாளர் எஸ்கில் பால்ஸ்லெவிடம் வேலை பார்க்கிறாள். அந்த மனிதர் அவளுக்கு நேர் எதிர். காவல்துறையில் இருந்தபோதே, குண்டு வெடித்தாலும் காப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார் என்று பெயர் வாங்கியவர். இப்போதும் காப்பிதான் குடித்துக்கொண்டிருந்தார்.

"உட்காருங்கம்மா. ரெண்டு மணிக்கு இன்னும் நாலரை மணி நேரம் இருக்கு," என்றார்.

வந்தவள் பெயர் டாக்னி கேர். உச்ச நீதிமன்றத்தின் ஆவண அறை அவள் பொறுப்பு. இருபத்திரண்டு வருட வேலை. அவள் நீட்டிய கடிதத்தைத் தோவெ உரக்கப் படித்தாள்.

"'தாங்கள் பணியிலிருந்து நீக்கப்படுகிறீர்கள். இன்று பிற்பகல் இரண்டு மணிக்குள் சாவிகளை ஒப்படைக்கவும்.' கீழே அன்கர் டோல்ஸ்ட்ரப்னு கையெழுத்து. அவ்வளவுதானா? ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை இல்லியே!"

"அவர் எங்க மேலதிகாரி. வாயால சொன்னார். நான் ஒரு பழைய தீர்ப்பைத் திருடிட்டு, பொய்த் தீர்ப்பு ஒண்ணை எழுதி வச்சுட்டேனாம்."

அழுகை வந்தால் அதை விழுங்கிவிடும் பெண் என்பது பார்த்தாலே தெரிந்தது. பால்ஸ்லெவ் அவளுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தார். அவள் இரண்டு மடக்குக் குடித்துவிட்டு வரிசையாகச் சொன்னாள்.

நாளைக்கு நீதிமன்றத்தின் முந்நூறாம் ஆண்டு விழா. அரசர் வருகிறார். கண்ணாடிப் பெட்டிகளில் பழைய தீர்ப்புகளைக் காட்சிக்கு வைப்பதாக ஏற்பாடு. அதில் ஒன்று 1768-ஆம் வருடத்துத் தீர்ப்பு. ஸ்தென்விக் என்ற மீனவக் கிராமத்துக்கும் ஸ்வானெமோஸ பண்ணைக்கும் ஓர் ஓடையைப் பற்றி நடந்த வழக்கு. விலாங்கு மீன் கொழிக்கிற ஓடை. கிராமம் ஜெயித்தது. கிட்டத்தட்ட இருநூறு வருடம் கழித்துப் பண்ணைக்காரர்கள் திரும்பவும் அந்த ஓடையைக் கேட்டு வழக்குப் போட்டிருக்கிறார்கள். இந்த வியாழக்கிழமை அதே உச்ச நீதிமன்றத்தில் விசாரணை.

"கிராமத்துகிட்ட இருந்த நகல் மாதாகோயில் தீயில போயிடுச்சு. பண்ணையில தோத்த காகிதத்தை யார் வச்சிருப்பாங்க? ஆவண அறையில இருக்கிறது மட்டுந்தான் மிச்சம். போன வெள்ளிக்கிழமை காட்சிக்கு எடுத்தப்போ அது போலின்னு தெரிஞ்சுடுச்சு. வியாழனும் வெள்ளியும் நான் காய்ச்சல்ல கிடந்தேன். விழாக் குழுவே எடுத்துக்கிட்டாங்க."

"போலித் தீர்ப்புல யார் ஜெயிக்கிறாங்க?" என்று கேட்டார் பால்ஸ்லெவ்.

"கிராமம்."

"உங்களுக்கும் கிராமத்துக்கும் என்ன சம்பந்தம்?"

டாக்னி கோப்பையைக் கீழே வைத்தாள். "அது என் ஊர். என் தம்பி இன்னிக்கும் அந்த ஓடையிலதான் மீன் கூடை போடறான்."

தோவெக்கு உடனே புரிந்தது. இதைவிடப் பொருத்தமான குற்றவாளியைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

"அசல் தீர்ப்புல பண்ணைதான் ஜெயிச்சிருக்கும், அதை நான் கிழிச்சுப் போட்டுட்டு, ஊருக்குச் சாதகமா ஒண்ணை எழுதி வச்சுட்டேன்கிறாங்க. வியாழக்கிழமை இது கோர்ட்டுல வந்தா ஓடை போச்சு, பதினெட்டு குடும்பம் போச்சு. என் பேரும் போச்சு. ஐயா, நான் அசலைப் பார்த்திருக்கேன். ஊர்தான் ஜெயிச்சுது. எங்க முப்பாட்டன் அந்தத் தீர்ப்பைக் கேட்கக் கோபன்ஹேகன் வரைக்கும் நடந்தே வந்தவர். திரும்பிப் போனதும் ஊரே கூடி, 'ஏன் ஜெயிச்சோம், என்ன சொன்னாங்க?'ன்னு கேட்டுச்சாம். 'அதெல்லாம் தெரியாது, ஜெயிச்சோம், கூடையை எடுங்கடா'ன்னாராம். இன்னிக்கும் எங்க ஊர்ல அவரைச் சொல்லிச் சிரிப்பாங்க."

பால்ஸ்லெவ் சிரிக்கவில்லை. கடிதத்தை எடுத்து இன்னொரு முறை பார்த்தார். "அந்தப் போலியை நீங்க படிச்சீங்களா?"

"எனக்குக் காட்டக்கூட இல்ல."

"தோவெ, சைக்கிளை எடு."

கால்வாயில் பனிக்கட்டி மிதந்துகொண்டிருந்தது. காற்று காதை அறுத்தது. தோவெ முன்னால் பறந்தாள், அடுத்து டாக்னி, பால்ஸ்லெவ் கடைசியில், கோட்டு நுனி சக்கரத்தில் சிக்காமல் பிடித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை உலாப் போகிறவர் மாதிரி வந்தார். பாலத்தில் முகமூடிக் கூட்டம் ஒன்று மறித்துப் பாட ஆரம்பித்தது. "வழி விடுங்கடா, நாளைக்கு ராஜாவே வர்றாரு!" என்று தோவெ கத்தினாள். "ராஜா வந்தா பன்னு தருவாரா?" என்று ஒரு குட்டிச் சிங்கம் திருப்பிக் கத்தியது.

நீதிமன்றத்தின் நீண்ட தாழ்வாரத்தில் ஆட்கள் கம்பளம் விரித்துக்கொண்டிருந்தார்கள். அதன் நடுவே ஒரு குள்ளமான மனிதர் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, எல்லோர் வழியையும் கெடுத்துக்கொண்டிருந்தார். நீதிமன்றத்தின் வரலாற்றை எழுதிய பேராசிரியர் விகோ ப்ரூன். எழுநூறு பக்கப் புத்தகம், நாளைக்கு வெளியீடு.

"வந்துட்டியா தாயே!" என்றார் டாக்னியைப் பார்த்து. "என் புத்தகத்துல நாற்பத்தேழு தப்பு கண்டுபிடிச்சியே, இப்ப உன்மேலயே ஒரு தப்பு! எனக்கு ஒண்ணும் சந்தோஷமில்ல, தெரியுமா? அந்தத் தாளை என்கிட்ட ஒரு நிமிஷம் காட்டுங்கன்னா, 'விவகாரம் முடியற வரைக்கும் யாருக்கும் கிடையாது'ங்கறாங்க. முந்நூறு வருஷத்தையும் எழுதினவனுக்கே கிடையாது!"

"அப்படிச் சொன்னது யாரு?" என்று கேட்டார் பால்ஸ்லெவ்.

"டோல்ஸ்ட்ரப். ஆனா யோசனை அவரோடது இல்ல. வக்கீல் லிண்டெகோர் சொல்லிக் கொடுத்தது."

"இந்தப் பழைய நீதிமன்றம் எப்படி, பேராசிரியரே? நீங்க அதோட முப்பது வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கீங்களே?"

ப்ரூனின் முகம் மலர்ந்தது. கேட்க ஆள் கிடைத்தால் அவருக்குப் பசிகூடத் தெரியாது. "எங்க மாமனார் மாதிரி! உள்ளே கதவைச் சாத்திக்கிட்டு மணிக்கணக்கா வாதாடுவாரு. வெளியே வந்து, 'முடியாது'ன்னு ஒரே சொல்லு. போயிடுவாரு!"

தோவெ சிரித்தாள். பால்ஸ்லெவ் நின்ற இடத்திலேயே ஒரு கணம் நின்றார். அவர் இப்படி நின்றால் ஏதோ ஒன்று அவருக்குள் ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். அது என்ன என்று கேட்டால் சொல்ல மாட்டார் என்பதும் தோவெக்குத் தெரியும். எரிச்சலாக இருந்தது.

ஓய்வுபெற்ற பிறகும் விழாவையும் ஆவண அறையையும் மேற்பார்த்துவந்த நீதிபதி அன்கர் டோல்ஸ்ட்ரப் நெட்டையான, நேர்மையான, சிடுசிடுப்பான கிழவர். பக்கத்து நாற்காலியில் வக்கீல் ஹோல்கர் லிண்டெகோர். நாற்பது வருடம் இந்த நீதிமன்றத்தில் நின்று வாதாடியவர். நரைத்த மீசை, நல்ல குரல். வியாழக்கிழமை பண்ணைக்காக வாதாடப் போகிறவர் அவர்தான்.

"பால்ஸ்லெவ், உங்க மேல எனக்கு மரியாதை உண்டு," என்றார் டோல்ஸ்ட்ரப். "ஆனா இதுல துப்பறிய ஒண்ணுமில்ல. நீங்களே பாருங்க."

மேசை டிராயரைத் திறந்து, பழுப்பேறிய தாள் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தாளுக்குள், ஆலை பதித்த நீர்க்குறியாக, மங்கலாகக் கிரீடமும் அரசரின் பெயரெழுத்தும் தெரிந்தன. ஆறாம் ஃப்ரெடெரிக்.

"1768-ல இந்த ராஜா தொட்டில்ல கிடந்தாரு! பிறந்து சில வாரம்! அவர் பேர் போட்ட தாள் எங்கிருந்து வரும்?"

"கண்டுபிடிச்சது யாரு?"

"நான்தான்," என்றார் லிண்டெகோர் வருத்தத்தோடு. "காட்சியைப் பார்க்க வந்தேன். தற்செயலா வெளிச்சத்துல பிடிச்சேன். பிடிக்காமலே இருந்திருக்கலாம்னு தோணுது. பாவம், அந்த அம்மா. ஊர்ப் பாசத்துல பண்ணிட்டாங்க. போலீசுக்குப் போக வேண்டாம், வேலையோட விட்டுடுங்கன்னு நான்தான் ஐயாவைக் கேட்டுக்கிட்டேன்."

எதிர்த்தரப்பு வக்கீல் இவ்வளவு பெருந்தன்மையாகப் பேசியது தோவெயின் மனதைக் கொஞ்சம் இளக்கித்தான் விட்டது. பால்ஸ்லெவ் தீர்ப்பை வாசிக்கச் சொன்னார். டோல்ஸ்ட்ரப் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க, தோவெ சுருக்கெழுத்தில் எடுத்தாள்.

"'முதலாவதாக, ஸ்தென்விக் கிராமத்தார் நினைவுக்கெட்டாத காலந்தொட்டு அவ்வோடையில் கூடையிட்டு வந்துள்ளமையாலும், இரண்டாவதாக, பண்ணையார் அதனை ஒருபோதும் தடுத்தாரில்லை என்பதாலும், ஓடையும் அதன் விலாங்குகளும் கிராமத்தாருக்கே உரியவை எனத் தீர்ப்பளிக்கப்படுகிறது.'"

"கையெழுத்து எப்படி?"

"அருமையான பழைய கையெழுத்து. மையும் பழைய முறையில காய்ச்சினது. தாளை மட்டும் கோட்டை விட்டுட்டாங்க."

"கையெழுத்து சரி, மை சரி, தாள் மட்டும் குழந்தைகூடக் கண்டுபிடிக்கிற மாதிரி," என்றார் பால்ஸ்லெவ் தனக்குத்தானே. "வாசகம் உங்களுக்கு எப்படிப் பட்டுது ஐயா?"

"வாசகத்துக்கு என்ன? நல்லா எழுதின தீர்ப்பு. நானே எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன்."

"ஆமா," என்றார் பால்ஸ்லெவ். "ஒரு மணி இருபதுக்கு ஆவண அறையில எல்லாரும் கூட முடியுமா? பேராசிரியரும் வரணும். அதுவரைக்கும் சாவி இந்த அம்மாகிட்டதானே?"

"ரெண்டு மணி வரைக்கும்," என்றார் டோல்ஸ்ட்ரப் கறாராக.

ஆவண அறை மாடியில் இருந்தது. கூரை வரை அடுக்குகள், நாடா கட்டிய கட்டுகள். மூலையில் படிக்க ஒரு மேசை. வாசலில் கோட்டு மாட்ட ஓர் ஆணி.

"யார் வந்தாலும் கோட்டு, பை எல்லாம் வெளியே," என்றாள் டாக்னி. "உள்ளே குறிப்புத் தாள் மட்டும் கொண்டு வரலாம். போகும்போது ஒவ்வொரு தாளா நான் புரட்டிப் பார்த்துத்தான் விடுவேன். பேராசிரியர் மாதத்துக்கு ஒரு தடவை என்னைத் திட்டுவாரு."

"வரும்போது பார்ப்பீங்களா?"

அவள் விழித்தாள். "வரும்போது எதுக்கு? கொண்டு போறவனைத்தானே தடுக்கணும்?"

தோவெ வருகைப் பதிவேட்டைப் பறித்துப் பிரித்தாள். 1768-ஆம் வருடக் கட்டைப் போன ஒரு வருடத்தில் கேட்டவர்கள் இரண்டே பேர். ப்ரூன் ஏகப்பட்ட தடவை. லிண்டெகோர் ஒரே ஒரு தடவை, ஜனவரி ஒன்பதாம் தேதி.

"லிண்டெகோர்!" என்றாள் தோவெ. உடனே சுருதி இறங்கியது. "ஆனா இது உதைக்குதே. போலித் தீர்ப்புல ஜெயிக்கிறது எதிராளி. தன் கட்சிக்காரர் தோக்கிற மாதிரி எந்த வக்கீலாவது தீர்ப்பு எழுதுவானா?"

"அன்னிக்கு வேற என்ன கேட்டாரு?" என்றார் பால்ஸ்லெவ்.

டாக்னி விரலால் வரியைத் தேடினாள். "1794. நோர்வேக்குப் போன உப்புக் கப்பல் மூழ்கின வழக்கு. அதை அஞ்சு நிமிஷத்துல திருப்பிக் கொடுத்துட்டாரு. தப்பான கட்டைக் கேட்டுட்டேன்னாரு. அவருக்கு விலாங்கு வழக்கு. உப்புக் கப்பல் எதுக்குன்னு நான்கூட நினைச்சேன்."

பால்ஸ்லெவ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் அபூர்வமாக ஒரு சிரிப்பு வந்தது. "அந்தக் கட்டை இப்ப யாரும் தொட வேண்டாம். எல்லார் முன்னாடியும் பிரிக்கலாம். தோவெ, நீ ஒண்ணு செய். 1700-க்கும் 1800-க்கும் நடுவுல கண்ணை மூடிக்கிட்டுப் பத்துக் கட்டு எடு. ஒவ்வொண்ணுலயும் ஒரு தீர்ப்பை எடுத்து மேசையில பரப்பு."

"என்ன தேடறோம்?"

"இல்லாத ஒண்ணை."

தோவெக்கு அவரை உலுக்க வேண்டும் போலிருந்தது. ஆனாலும் ஏணியில் ஏறினாள். பத்துத் தீர்ப்பும் மேசைக்கு வந்தபோது மணி ஒன்று பதினைந்து. அவற்றை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனவள், ஏழாவது தாளில் சட்டென்று நின்றாள். முதல் தாளுக்கு ஓடினாள். மறுபடி ஏழுக்கு வந்தாள். "அட!" என்று கத்தியேவிட்டாள். பால்ஸ்லெவ் உதட்டில் விரலை வைத்தார்.

ஒன்று இருபதுக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். டோல்ஸ்ட்ரப் கையில் அந்தத் தாள். லிண்டெகோர் கதவோரம் நின்றார். ப்ரூன் மூச்சிரைக்க மாடியேறி வந்து உட்கார்ந்தார்.

"ஐயா, அந்தத் தாளை டாக்னி அம்மா கையில கொடுங்க," என்றார் பால்ஸ்லெவ்.

"அவளேதானே எழுதினது?"

"அப்ப அவங்க பார்க்கறதுல என்ன நஷ்டம்?"

டாக்னி வாங்கிப் படித்தாள். முதல் வரியிலேயே அவள் புருவம் ஏறியது. இரண்டாவது வரியில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, நாலு நாளாகத் தூங்காத அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வர வர, நிறுத்த முடியாமல் சிரித்தாள்.

"இதையா நான் எழுதினேன்கிறீங்க? இதையா!"

ப்ரூன் பாய்ந்து பிடுங்கினார். படித்தார். கழுதைக் கனைப்பு மாதிரி ஒரு சத்தம் போட்டார். "முதலாவதாகவாம், இரண்டாவதாகவாம்! காரணம்! 1768-ல காரணம் சொல்லியிருக்கான் மடையன்! டோல்ஸ்ட்ரப், இதையா எனக்குக் காட்ட மாட்டேன்னீங்க? ஒரு நொடியில சொல்லியிருப்பேனே!"

"என்ன சொல்லியிருப்பீங்க?" டோல்ஸ்ட்ரப் குழம்பிப் போனார்.

"மேசையில பாருங்க ஐயா," என்றார் பால்ஸ்லெவ். "வேற வேற பத்து வருஷத்துப் பத்துத் தீர்ப்பு. ஒவ்வொண்ணும் ரெண்டு வரி, மூணு வரி. யார் ஜெயிச்சாங்க, யார் செலவைக் கட்டணும். அதோட சரி. பேராசிரியரோட மாமனார் மாதிரி. உள்ளே நீதிபதிகள் ஆயிரம் காரணம் பேசுவாங்க. வெளியே வர்ற காகிதத்துல ஒரு காரணமும் இருக்கக் கூடாது. ராஜா பேரால வர்ற தீர்ப்புக்கு ராஜா யாருக்குக் காரணம் சொல்லணும்? சரிதானே பேராசிரியரே?"

"1856 வரைக்கும்!" ப்ரூன் மேசையைக் குத்தினார். "கிட்டத்தட்ட இருநூறு வருஷம் இந்த நீதிமன்றம் ஏன்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல! என் புத்தகத்துல பதினாலாவது அத்தியாயம் முழுக்க அதுதான்! படிச்சது யாரு?"

"டாக்னி அம்மா படிச்சிருக்காங்க," என்றார் பால்ஸ்லெவ். "நாற்பத்தேழு தப்பைத் திருத்தினவங்களாச்சே. போதாக்குறைக்கு அவங்க முப்பாட்டன் ஊருக்குத் திரும்பிப் போய், ஏன் ஜெயிச்சோம்னு தெரியாதுன்னு சொன்னாரு. ஊர் அவரை அசடுன்னு சிரிச்சுது. அவர் அசடில்ல. அவருக்கு யாரும் சொல்லவே இல்ல. இந்தத் தாளை டாக்னி அம்மாவும் எழுத முடியாது, பேராசிரியரும் எழுத முடியாது. காரணம் இல்லாம ஒரு தீர்ப்பு இருக்க முடியும்னு கனவுலகூட நினைக்காத ஒருத்தர்தான் எழுத முடியும். இந்தக் காலத்துச் சட்டக்காரர். ஐயா, நீங்களே சொன்னீங்க, நானா இருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன்னு."

டோல்ஸ்ட்ரப்பின் காது சிவந்தது.

"அபாண்டம்," என்றார் லிண்டெகோர், அமைதியாகவே. "என்னைத்தான் சொல்றீங்கன்னு புரியுது. எனக்கு எதிரான தீர்ப்பை நான் எதுக்கு எழுதணும்?"

"பிடிபடறதுக்கு. அதுதான் இதுல அழகு. அசல்லயும் கிராமம்தான் ஜெயிச்சிருக்கு. அதை எடுத்துட்டு, அதே முடிவைச் சொல்ற ஒரு போலியை வச்சா, போலின்னு தெரியற நிமிஷமே முடிவும் பொய்யாயிடும். உண்மையை அழிக்க அதுக்கே பொய் வேஷம் போட்டு அனுப்பினீங்க. யாராவது கண்டுபிடிச்சாகணுமே! அதனாலதான் மை சரி, கையெழுத்து சரி, தாள் மட்டும் நாற்பது வருஷம் பிந்தினது. பண்ணையோட பழைய கணக்கறையில எழுதாத தாள் நிறைய இருக்கும். யாரும் கண்டுபிடிக்கலேன்னு நீங்களே வந்து வெளிச்சத்துல பிடிச்சீங்க. வேணும்னு செய்த தப்பு அது ஒண்ணு. தெரியாம செய்த தப்பு இன்னொண்ணு. அசலை அதுக்கு முன்னாடி நீங்க பார்த்ததில்ல. ஜெயிச்சது கிராமம்னு ஊருக்கே தெரியும். அதை வச்சு வீட்டுல உட்கார்ந்து எழுதிட்டீங்க. நாற்பது வருஷப் பழக்கம், காரணம் சொல்லாம கை நிக்கலை."

"கதை. அசல் எங்கே? நான் கொண்டு போனேனா? இந்த அம்மா என் தாள் எல்லாத்தையும் புரட்டிப் பார்த்துத்தான் விட்டாங்க!"

"அதனாலதான் நீங்க கொண்டு போகலை, இங்கேயே வேற கட்டுல ஒளிச்சு வச்சீங்க. அம்மா, உப்புக் கப்பல்."

டாக்னி 1794-ஐக் கொண்டு வந்தாள். நாடாவை அவிழ்த்தாள். ஒவ்வொரு தாளாக எடுத்து வைத்தாள். மனு. சாட்சி. மாலுமிகளின் வாக்குமூலம். தோவெ எண்ணிக்கொண்டே வந்தாள். இருபது, முப்பது. கட்டு மெலிந்துகொண்டே போயிற்று. கடைசித் தாளும் வந்துவிட்டது. விலாங்கு ஓடை இல்லை.

லிண்டெகோர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒண்ணு ஐம்பது," என்றார்.

தோவெ குவியலை முதலிலிருந்து மறுபடி புரட்ட ஆரம்பித்தாள். பால்ஸ்லெவ்கூட ஒரு கணம் கண்ணை மூடினார். பதினெட்டு குடும்பம், இருபத்திரண்டு வருடம், எல்லாம் இந்த நாற்பது தாளில் இல்லையென்றால் எங்கேயும் இல்லை. அப்போதுதான் தோவெ பார்த்தாள். வெளியே எடுத்து வைத்த குவியலில், கப்பல் சரக்குப் பட்டியல் மட்டும் நாலாக மடித்தபடி இருந்தது. மற்றதெல்லாம் விரித்த தாள்.

"அதைப் பிரிச்சுப் பார்க்கலையே!"

அவள் கை நீட்டுவதற்குள் டாக்னி பிரித்துவிட்டாள். உப்பு மூட்டைக் கணக்கின் நடுவே, அதன் மடிப்புக்குள், தடித்த தாள் ஒன்று மெல்ல வழுக்கி மேசைமேல் விழுந்தது. ப்ரூன் அதை ஜன்னலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். வெளிச்சத்தில் சரியான அரசரின் பெயரெழுத்து தெரிந்தது. அவர் அதைத் தேவாலயத்தில் வாசிக்கிறவர் மாதிரி வாசித்தார்.

"'ஸ்தென்விக் ஓடையும் அதன் விலாங்குகளும் கிராமத்தாருக்கு உரியவை. வழக்குச் செலவைப் பண்ணை ஏற்கும்.' முடிஞ்சுது! ரெண்டே வரி! என்ன அழகு!"

தோவெ குதித்தாள். நாற்பத்திரண்டு வயதில், உச்ச நீதிமன்றத்துக்குள், நிஜமாகவே குதித்தாள். டாக்னி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கிழிச்சுப் போட்டிருக்கலாமே, வக்கீலய்யா," என்றார் பால்ஸ்லெவ் மெதுவாக. "துண்டு துண்டா பூட்ஸுக்குள்ள வச்சுக்கூடக் கொண்டு போயிருக்கலாம்."

லிண்டெகோர் அந்த இரண்டு வரித் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல குரல் எங்கேயோ போய்விட்டது. "இந்த நீதிமன்றத்துத் தீர்ப்பை... கை வரலை," என்றார். டோல்ஸ்ட்ரப் கதவைக் காட்டினார். வியாழக்கிழமை வாதாட அவர் வர வேண்டாம் என்பதும், அதற்கு அப்புறம் எந்த வியாழக்கிழமையும் வர வேண்டாம் என்பதும் அந்த ஒரு விரலிலேயே இருந்தது.

அவர் போன பிறகு டோல்ஸ்ட்ரப் தொண்டையைச் செருமினார். நேர்மையானவர்தான், ஆனால் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவர்.

"திருமதி கேர், நீங்க உங்க வேலையிலயே இருக்கலாம். நாளைக்கு ராஜாவுக்கு அசலை நீங்களே காட்டுங்க. அந்தக் கடிதத்தை மறந்துடுங்க."

டாக்னி எழுந்தாள். பையிலிருந்து காலைக் கடிதத்தை எடுத்து மேசைமேல், அந்தப் பத்துப் பழைய தீர்ப்புகளுக்கும் பக்கத்தில், பதினோராவதாக வைத்தாள். அதுவும் இரண்டே வரி.

"மறக்க மாட்டேன் ஐயா. இருபத்திரண்டு வருஷ வேலையை ரெண்டு வரியில முடிச்சீங்க. எங்க முப்பாட்டன் ஏன்னு தெரியாமலே வீட்டுக்குப் போனாரு. நான் போக மாட்டேன். ஏன் நீக்கினீங்க, ஏன் அது தப்பு, ஏன் திருப்பி எடுத்துக்கறீங்க, எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க."

தோவெ கிழவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் அதில் கோபம் வந்தது. பிறகு வெட்கம் வந்தது. கடைசியாக, வாழ்நாள் முழுக்க நீதி சொன்ன ஒரு மனிதரின் பிடிவாதமான நேர்மை வந்து உட்கார்ந்தது.

"பேனா இருக்கா?" என்றார்.

தோவெ தன்னுடையதைக் கொடுத்தாள். டோல்ஸ்ட்ரப் படிக்கும் மேசையில் உட்கார்ந்து, 'முதலாவதாக' என்று ஆரம்பித்தார். பக்கம் நிறைந்தது. இன்னொரு தாள் கேட்டார். கீழே எங்கோ மணி இரண்டு அடித்தது. சாவிக்கொத்து டாக்னியின் இடுப்பிலேயே தொங்கியது. அதை யாரும் கேட்கவில்லை. டோல்ஸ்ட்ரப் தலை நிமிராமல், 'ஐந்தாவதாக' என்று எழுதிக்கொண்டிருந்தார்.